கால் பட்டதும் மாற வேண்டும்: எட்டு லூப் பெடல்போர்டு கட்டிய அனுபவம்

கிட்டார் வாசிக்கிறவர்களுக்கு இந்தத் தொல்லை தெரிந்ததுதான். சரணம் முழுக்கக் கோரஸ் (பல கிட்டார்கள் சேர்ந்து ஒலிப்பது போன்ற விளைவு) போட்ட தெளிவான ஒலி. பல்லவி திரும்பும் இடத்தில் கோரஸ் நிற்க வேண்டும், ஒலியைக் கரகரப்பாக்கும் டிஸ்டார்ஷன் ஏற வேண்டும், அதன் மேல் எதிரொலி தருகிற டிலேயும் கொஞ்சம் வேண்டும். மிதிக்க வேண்டியது மூன்று பெடல் (ஒலியை மாற்றும் சிறு பெட்டிகள்), அதற்கு இருப்பது ஒரு கால். வாசிப்பில் நடுவே ஓய்வும் கிடையாது. ஒன்றை மிதித்துவிட்டு அடுத்ததைத் தேடுவதற்குள் பல்லவியின் முதல் அடி போய்விடும். அதனால் காலுக்கு எட்டுகிற மாற்றங்களை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றை விட்டுவிடுகிறோம். காது கேட்கிற ஒலி ஒன்று, கால் அனுமதிக்கிற ஒலி இன்னொன்று.

புரோகிராம் செய்யக்கூடிய சுவிட்சிங் அமைப்பு இருந்தால் இந்தச் சமரசம் தேவையில்லை. ஒவ்வொரு பெடலும் தனக்கென ஒரு லூப்பில், அதாவது சிக்னல் பெடலுக்குப் போய்த் திரும்பி வரும் ஒரு கிளைப் பாதையில், இருக்கும். சிக்னல் அந்த லூப்புக்குள் போக வேண்டுமா, தாண்டிப் போக வேண்டுமா என்பதை ஒரு ரிலே, அதாவது மின்சாரத்தால் இயங்கும் சுவிட்ச், பார்த்துக்கொள்ளும். எந்த லூப் உள்ளே, எது வெளியே என்பதை ஒரு ப்ரீசெட்டாகச் சேமித்துவிட்டால் ஒரே மிதியில் எல்லாம் சேர்ந்து மாறும். யோசனை பழையது. இங்கிலாந்தில் பீட் கார்னிஷ் 1970களிலேயே பிங்க் ஃபிளாய்டின் டேவிட் கில்மருக்குப் பஃபர்களோடு (நீளமான கேபிளில் சிக்னல் மங்காமல் காக்கும் சர்க்யூட்டுகள்) சேர்த்துப் பெரிய பெடல்போர்டுகளைக் கட்டிக் கொடுத்தார். 1980களில் அமெரிக்காவில் பாப் பிராட்ஷா, காலடியில் கன்ட்ரோலர், பின்னால் ரேக்கில் லூப்கள் என்று பிரித்துக் கட்டினார். இன்று பாஸ் ஈஎஸ்-8 போன்றவை எட்டு லூப்களை ஒரே பெட்டியில் அடக்கித் தருகின்றன.

இருந்தும் நானே கட்ட விரும்பினேன். ஒரு ப்ரீசெட்டில் சும்மா நிற்கும்போது எல்லாச் சுவிட்சரும் ஒன்றுபோலத்தான் தோன்றும். ஓர் ஒலியிலிருந்து இன்னொன்றுக்குத் தாவுகிற அந்தச் சில மில்லி விநாடிகளில்தான் தரம் வெளியே வரும். தாமதம் தெரிகிறதா, 'டப்' என்று சத்தம் வருகிறதா, டிலேயின் எதிரொலி பாதியில் வெட்டுப்படுகிறதா? அந்த நேரத்துக்குள் எது முதலில், எது பிறகு என்பது என் கையில் இருக்க வேண்டும் என்று ஆசை. பெட்டிக்குள் இருக்கிற முக்கால்வாசி விஷயங்கள் அந்த ஆசையிலிருந்து வந்தவை.

வரிசை

முதல் வேலை காகிதத்தில். வாசிக்கிற பாடல்களில் எந்த ஒலியிலிருந்து எந்த ஒலிக்குப் போகிறேன் என்று அம்புக்குறி போட்டு எழுதினேன். பெடல்களின் பட்டியலை விட இந்த அம்புக்குறிகள்தான் உதவின. ஒரே மிதியில் அதிகபட்சம் எத்தனை பெடல் மாறுகிறது, எந்த மாற்றம் நீண்ட ஸ்வரத்தின் நடுவே வருகிறது, எது இடைவெளியில் வருகிறது என்பது அதில் தெரிந்துவிடும். எதிரொலி நீடிக்க வேண்டிய இடங்களுக்கு மட்டும் சிவப்பு மை.

கடைசியில் நின்ற வரிசை இது: ஃபஸ் (டிஸ்டார்ஷனின் பழைய, கரடுமுரடான வகை), வா (காலால் அசைத்து வாசிக்கும் பெடல்), கம்ப்ரஸர், ஓவர்டிரைவ், டிஸ்டார்ஷன், ஃபேசர், கோரஸ், ஸோலோவுக்கு ஒலி உயர்த்த ஒரு பூஸ்ட். இவை எட்டும் எட்டு லூப்பில். டிலேயும் ரிவெர்பும் (பெரிய அறையில் கேட்கும் முழக்கம்) லூப்களுக்கு வெளியே, பெட்டியின் அவுட்புட்டுக்குப் பிறகு, எப்போதும் சிக்னல் பாதையிலேயே இருக்கின்றன. அவற்றை மிடி (இசைக் கருவிகள் ஒன்றுக்கொன்று செய்தி அனுப்பும் முறை) வழியாக மட்டும் கட்டுப்படுத்துகிறேன். காரணம் அந்தச் சிவப்பு மைதான். டிலேயை லூப்புக்குள் வைத்து ரிலேயால் விலக்கினால் எதிரொலி கத்தரித்தது மாதிரி நின்றுவிடும்.

ஃபஸ் முதலில் இருப்பதற்கும் காரணம் உண்டு. பழைய பாணி ஃபஸ் சர்க்யூட்டின் இன்புட் மின்தடை மிகக் குறைவு, பத்தாயிரம் ஓம் அளவில்தான் இருக்கும். அது கிட்டாரின் பிக்கப்பில் (ஸ்டிரிங்கின் அதிர்வைச் சிக்னலாக்கும் பகுதி) உள்ள காயிலோடு நேரடியாகச் சேர்ந்து வேலை செய்கிற சர்க்யூட். நடுவில் பஃபர் ஒன்று வந்தால், கிட்டாரின் வால்யூமைக் குறைக்கும்போது ஃபஸ் தெளிவாகிற அந்த அழகான குணம் காணாமல் போய், ஒலி கூசும். அதனால் முதல் இரண்டு லூப்களுக்கு முன்னால் எந்த எலக்ட்ரானிக்ஸும் இல்லை. ரிலேயின் தொடுமுனைகள் மட்டுமே.

மூன்றாவது லூப்புக்கு முன்னால் பஃபர் கட்டாயம் வேண்டும். கணக்குப் போட்டுப் பார்த்தால் ஏன் என்று புரியும். கிட்டார் கேபிளின் மின் கொள்ளளவு (மின்னேற்றத்தைத் தேக்கும் திறன்) மீட்டருக்கு 100 முதல் 160 பிகோஃபேரட் வரை இருக்கும். 130 என்று வைத்துக்கொள்வோம். 2.5 ஹென்றி இண்டக்டன்ஸ் உள்ள சிங்கிள் காயில் பிக்கப், அதன் சொந்தக் கொள்ளளவு ஒரு 100 பிகோஃபேரட், அதோடு 5 மீட்டர் கேபிள்: பிக்கப்பின் ஒத்திசைவு அதிர்வெண் 3,700 ஹெர்ட்ஸுக்கு அருகில் வரும். அதே பிக்கப் பஃபர் இல்லாமல் 12 மீட்டர் கேபிளை ஓட்ட வேண்டியிருந்தால் 2,500 ஹெர்ட்ஸுக்கு இறங்கிவிடும். ஸ்டிரிங்கைத் தட்டும்போது கேட்கிற அந்தக் கூர்மை இந்த இடைவெளியில்தான் இருக்கிறது. ஆம்புக்குப் போகிற கேபிளும், எட்டு லூப்களின் பேட்ச் கேபிள்களும் சேர்ந்தால் 12 மீட்டர் என்பது சாதாரணம். அதனால் இரண்டாவது லூப்புக்குப் பிறகு ஒரு பஃபர், எட்டாவதுக்குப் பிறகு இன்னொன்று. ஒரே டிஎல்072 சிப்பில் இரண்டு ஆப்-ஆம்ப் (பஃபராக வேலை செய்யும் பெருக்கி) இருந்தாலும் நான் இரண்டு தனித்தனி டிஎல்071 போட்டேன். இரண்டு பஃபருக்கும் நடுவில் ஓவர்டிரைவும் டிஸ்டார்ஷனும் சேர்ந்து சிக்னலை ஆயிரம் மடங்குக்கு மேல் பெருக்கக்கூடும். அவ்வளவு பெருக்கத்தின் தொடக்கத்தையும் முடிவையும் ஒரே சிப்பில் பக்கத்தில் பக்கத்தில் வைப்பது ஊளைச் சத்தத்துக்கு வழி.

ரிலே

கட்ட நினைக்கிறவர்கள் முதலில் கையில் எடுப்பது விளக்கு, மோட்டார் போடப் பயன்படுகிற நீல நிற ரிலே மாட்யூலாகத்தான் இருக்கும். அது இந்த வேலைக்கு ஆகாது. அதன் தொடுமுனைகள் பல ஆம்பியர் தாங்கும் வெள்ளிக் கலவையால் ஆனவை. அவற்றின் மேல் படிகிற மெல்லிய படலத்தை வீட்டு மின்சாரம் உடைத்துக்கொண்டு போய்விடும். கிட்டாரின் மில்லி வோல்ட் சிக்னலால் அது முடியாது. சில மாதங்களில் ஒலி விட்டு விட்டு வரும். தங்கப் பூச்சுள்ள சிக்னல் ரிலேதான் வேண்டும். நான் போட்டது பானசோனிக் டிக்யூ2, 5 வோல்ட் வகை. ஒரு ரிலே இழுக்கிற மின்னோட்டம் 28 மில்லி ஆம்பியர், எட்டுக்கும் சேர்த்து 224. துளைப் பலகையின் 2.54 மில்லிமீட்டர் இடைவெளியில் நேராக உட்காரும். ஒன்று கவனிக்க வேண்டும்: இந்த ரிலேயின் காயிலுக்குப் பிளஸ், மைனஸ் உண்டு. மாற்றிக் கொடுத்தால் அசையாது.

நிலையை நினைவில் வைத்துக்கொள்கிற லாட்சிங் வகையும் கிடைக்கிறது. மின்சாரம் மிச்சமாகும். ஆனாலும் சாதாரண வகையையே எடுத்தேன். பெட்டிக்கு வரும் மின்சாரம் மேடையில் நின்றுபோனால் ரிலேகள் எட்டும் ஓய்வு நிலைக்குத் திரும்ப வேண்டும் என்பது என் நிபந்தனை. அப்போது எட்டு லூப்பும் தாமாகவே விலகிக்கொள்ளும்.

ஒரு லூப்பின் வயரிங்கைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்கலாம். ரிலேக்குள் ஒன்றாக அசைகிற இரண்டு சுவிட்சுகள். ஒவ்வொன்றிலும் ஒரு நடுக்கால், ஓய்வில் அது தொடுகிற கால், இழுத்தால் தொடுகிற கால். வழக்கமாகக் காட்டப்படும் வயரிங்கில், லூப் விலகியிருக்கும்போது பெடலின் இன்புட் எதையும் தொடாமல் அந்தரத்தில் தொங்கும். டிஸ்டார்ஷன் பெடல் அப்படித் தொங்கினால் காற்றில் இருப்பதையெல்லாம் பிடித்துப் பெருக்கி, பக்கத்து வயருக்குள் கசியவிடும். அதனால் இப்படிப் போட்டேன்: முதல் சுவிட்சின் நடுக்காலில் செண்ட் ஜாக் (பெடலுக்குச் சிக்னலை அனுப்புவது). ஓய்வில் அது கிரவுண்டைத் தொடும், ரிலே இழுத்தால் உள்ளே வரும் சிக்னலைத் தொடும். இரண்டாவது சுவிட்சின் நடுக்கால், லூப்பிலிருந்து வெளியேறும் முனை. ஓய்வில் அது உள்ளே வரும் சிக்னலை நேராகத் தொடும், இழுத்தால், பெடலிலிருந்து சிக்னல் திரும்பி வரும் ரிட்டர்ன் ஜாக்கைத் தொடும். அதே ரிலே, அதே கால்கள்தான். ஆனால் ஓய்வில் இருக்கும் பெடலின் இன்புட் கிரவுண்டில் கட்டப்பட்டு வாயை மூடிக்கொண்டிருக்கும்.

செண்ட் வயரும் ரிட்டர்ன் வயரும் பலகையின் எதிரெதிர் ஓரங்களில் ஓடுகின்றன. இரண்டும் ஷீல்டு வயர். ஷீல்டை ஜாக் பக்கம் மட்டும் சால்டர் செய்து, ரிலே பக்கம் வெட்டி, முனை எதையும் தொடாமலிருக்க வெப்பத்தில் சுருங்கும் குழாய் போட்டு மூடினேன். பத்தொன்பது ஜாக்குகளுக்கு இதைச் செய்வது பொறுமையைக் கேட்கிற வேலை. அவசரப்பட்டு முனையை அதிக நேரம் சூடாக்கினால் உள்ளிருக்கும் பிளாஸ்டிக் உருகி, நடுக்கம்பியும் ஷீல்டும் ஒட்டிக்கொள்ளும். ஒவ்வொரு வயரையும் சால்டர் செய்த கையோடு மல்டிமீட்டர் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் அடுத்ததைத் தொட்டேன்.

மின்சாரமும் கிரவுண்டும்

ரிலேயில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம், காயிலுக்கும் தொடுமுனைக்கும் மின் தொடர்பே கிடையாது என்பதுதான். அதாவது கம்ப்யூட்டர் பக்கமும் ஒலிப் பக்கமும் ஒரே பெட்டிக்குள் ஒன்றையொன்று தொடாமல் வாழ முடியும். மைக்ரோகன்ட்ரோலர் 16 மெகாஹெர்ட்ஸில் ஓடுகிறது, டிஸ்பிளே விடாமல் மினுங்குகிறது. அந்தச் சலசலப்பு ஒலியின் கிரவுண்டுக்குள் நுழைந்தால் டிஸ்டார்ஷன் பெடல் அதை ஆம்பில் விசிலாக்கிக் காட்டிவிடும். அதனால் பவர் சப்ளையில் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத இரண்டு 9 வோல்ட் வெளியீடுகளை இந்தப் பெட்டிக்கே ஒதுக்கினேன். ஒன்று பஃபர்களுக்கு, மற்றது கம்ப்யூட்டர் பக்கத்துக்கு. கம்ப்யூட்டர் பக்கத்தின் பவர் ஜாக் பிளாஸ்டிக் உடல் கொண்டது, அலுமினியப் பெட்டியைத் தொடாது.

இந்தப் பிரிவினையைக் கெடுக்கக்கூடிய இடம் யாரும் எதிர்பார்க்காத ஒன்று: 7805 ரெகுலேட்டர். ரிலேகள், மைக்ரோகன்ட்ரோலர், டிஸ்பிளே, எல்இடி எல்லாம் சேர்ந்து 350 மில்லி ஆம்பியர் வரை இழுக்கும். 9 வோல்ட்டை 5 ஆக்கும்போது மிஞ்சுகிற 4 வோல்ட், அந்த மின்னோட்டத்தில் 1.4 வாட் வெப்பமாகும். அதை வெளியேற்ற ரெகுலேட்டரைப் பெட்டியின் சுவரோடு திருகிவிடலாம் என்றுதான் யாருக்கும் தோன்றும். ஆனால் 7805இன் உலோக முதுகு அதன் கிரவுண்டோடு இணைந்தது. பெட்டியோ ஜாக்குகளின் வழியாக ஒலியின் கிரவுண்டு. நேராகத் திருகினால் இரண்டு கிரவுண்டும் அங்கேயே சேர்ந்துவிடும். நடுவில் சிலிக்கான் ஷீட், திருகுக்குப் பிளாஸ்டிக் புஷ், அதன் பிறகு இரண்டு கிரவுண்டுக்கும் நடுவே மல்டிமீட்டர். எண்ணே காட்டக் கூடாது. எனக்குக் காட்டவில்லை. இந்தச் சோதனை அரை நிமிட வேலை. பெட்டியைத் திறக்கும்போதெல்லாம் செய்துவிடுகிறேன்.

பெடல்களுக்கும் இதே நியாயம்தான். ஓவர்டிரைவ் போன்ற அனலாக் பெடல்கள் பத்து மில்லி ஆம்பியர் அளவில் போதும் என்று இருக்கும். டிஜிட்டல் டிலேயும் ரிவெர்பும் நூற்றுக்கணக்கில் இழுக்கும், கூடவே இரைச்சலையும் சப்ளை வயரில் துப்பும். டிஜிட்டல் பெடல்களுக்குத் தனி வெளியீடு. மற்றவற்றைத் தேவைப்பட்டால் சேர்த்துக் கொடுக்கலாம். ஃபஸ் மட்டும் சேராது. ஜெர்மேனியம் பிஎன்பி டிரான்சிஸ்டர் வைத்த ஃபஸ்ஸில் பல சமயம் பிளஸ் கிரவுண்டு இருக்கும். அதை மற்ற பெடல்களோடு ஒரே வயரில் போட்டால் சப்ளையே ஷார்ட் ஆகிவிடும்.

கால் சொல்வதைக் கேட்கிற புரோகிராம்

மூளையாக ஆர்டுயினோ நானோ என்ற சிறிய மைக்ரோகன்ட்ரோலர் பலகை. அதிலுள்ள ஏடிமெகா328பி சிப்பில் 1024 பைட் ஈஈப்ராம் (மின்சாரம் போனாலும் அழியாத நினைவகம்) இருக்கிறது, இந்த வேலைக்குத் தாராளம். எட்டு லூப்பின் நிலை ஒரே ஒரு பைட். ஒரு பிட்டுக்கு ஒரு ரிலே. அதோடு டிலே, ரிவெர்ப் இரண்டின் மிடி எண்கள், மாறும்போது ஒலியை ஒரு கணம் நிறுத்தும் மியூட் வேண்டுமா என்ற குறி, பின்னால் தேவைப்படலாம் என்று இரண்டு காலி இடம் என ஒரு ப்ரீசெட்டுக்கு 8 பைட் வைத்தேன். எட்டு பேங்க், பேங்குக்கு ஐந்து ப்ரீசெட், மொத்தம் 320 பைட். ஈஈப்ராமின் ஒவ்வோர் இடத்திலும் ஒரு லட்சம் முறை எழுதலாம் என்று தயாரிப்பாளர் உறுதி தருகிறார். ப்ரீசெட்டைத் திருத்திச் சேமிக்கும்போது மட்டும் எழுதுவதால் அந்த எல்லையை நினைத்துக்கூடப் பார்க்க வேண்டாம்.

ரிலேகளை ஓட்ட ஒரு 74எச்சி595 ஷிஃப்ட் ரெஜிஸ்டர் (சில வயர்களை வைத்து எட்டு வெளியீடுகளைக் கட்டுப்படுத்தும் சிப்), ஒவ்வொரு ரிலேக்கும் சுவிட்சாக ஒரு 2என்7000 மாஸ்ஃபெட் டிரான்சிஸ்டர், காயிலின் குறுக்கே ஒரு 1என்4148 டயோடு. எட்டு டிரைவர்களை ஒரே சிப்பில் தருகிற யுஎல்என்2803 வேலையைச் சுருக்கும்தான். ஆனால் அது தனக்கென்று ஒரு வோல்ட்டுக்குக் கிட்டே எடுத்துக்கொள்ளும். 5 வோல்ட் ரிலேக்கு மிஞ்சுவது 4க்குச் சற்று மேல். ரிலே நிச்சயமாக இழுக்கத் தேவை 3.75. அவ்வளவு ஒட்டிய கணக்கை மேடைக்கு எடுத்துப் போக மனம் வரவில்லை.

595இல் இன்னொரு குணம் உண்டு. மின்சாரம் வந்தவுடன் அதன் வெளியீடுகள் எந்த நிலையில் இருக்கும் என்று சொல்ல முடியாது. பவர் போட்டதும் ரிலேகள் கண்டபடி இழுத்து ஆம்பில் சத்தம் போடும். வெளியீடுகளைத் திறந்து மூடும் அதன் ஓஈ காலை 10 கிலோ ஓம் ரெசிஸ்டர் வழியாக 5 வோல்ட்டில் கட்டி, மாஸ்ஃபெட்டின் கேட் ஒவ்வொன்றையும் இன்னொரு 10 கிலோ ஓமால் கிரவுண்டுக்கு இழுத்துவைத்தால் எல்லாம் அமைதியாக இருக்கும். புரோகிராம் எழுந்து, எட்டு பூஜ்யங்களை உள்ளே தள்ளிவிட்டு, பிறகு ஓஈயைக் கீழே இறக்குகிறது.

அப்புறம் கால். சுவிட்சுகள் எல்லாமே அழுத்தினால் தொட்டு, விட்டால் விலகும் மொமென்டரி வகை. அழுத்தும்போது உள்ளே உலோகம் சில மில்லி விநாடிகள் துள்ளும். ஒரு மிதி பல மிதியாகத் தெரியும். பலரும் எழுதும் புரோகிராம், துள்ளல் அடங்கும்வரை 20 மில்லி விநாடி காத்திருந்துவிட்டு வேலையைத் தொடங்கும். நான் அதைத் திருப்பிப் போட்டேன். முதல் தொடுதலிலேயே வேலை நடந்துவிடும். அதன் பிறகு 30 மில்லி விநாடிக்கு அந்தச் சுவிட்சை யார் கூப்பிட்டாலும் காதில் போட்டுக்கொள்ளாது. பொய்யான தொடுதல் வராமலிருக்க ஒவ்வொரு சுவிட்சிலும் 4.7 கிலோ ஓம் புல்-அப், கூடவே 100 நானோஃபேரட் கெப்பாசிட்டர்.

நீண்ட அழுத்தம் இதைவிடச் சிக்கலான விஷயம். ஒரே சுவிட்சுக்குத் தொட்டால் ஒரு வேலை, அழுத்திப் பிடித்தால் இன்னொரு வேலை என்று கொடுத்தால், கால் எடுக்கப்படும்வரை புரோகிராமுக்கு எது வேண்டும் என்றே தெரியாது. அதனால் பல கருவிகளில் காலை எடுத்த பிறகுதான் ஒலி மாறும். தாளத்தோடு மிதிக்கிறவருக்கு அந்தப் பின்தங்கல் நன்றாகவே தெரியும். இதற்கு எனக்குக் கிடைத்த வழி எளிமையானது. ப்ரீசெட் மாற்றம் எப்போதுமே மிதித்த கணத்தில். அதே சுவிட்சை இரண்டு விநாடி பிடித்தால் அந்த ப்ரீசெட்டைத் திருத்தும் நிலைக்குப் போகும். திருத்தப் போகிற ப்ரீசெட்டுக்கு முதலில் மாறுவதில் எந்த நஷ்டமும் இல்லையே! மிதித்தபோது நடந்தது இரண்டு நோக்கத்துக்கும் பொருந்துகிறது, காத்திருக்க வேண்டிய அவசியமே எழவில்லை.

திருத்தும் நிலையில் கீழ் வரிசையின் ஐந்து சுவிட்சும் மேல் வரிசையின் மூன்றும் எட்டு லூப்களாக மாறிவிடும். எந்த லூப் வேண்டுமோ அதன் சுவிட்சைத் தட்டினால் உள்ளே வரும், இன்னொரு முறை தட்டினால் வெளியே போகும். இங்கே மட்டும் வேலை காலை எடுக்கும்போது நடக்கிறது. வீட்டில் உட்கார்ந்து செய்கிற வேலைக்கு அவசரம் இல்லை. பிடித்தால் சேமிக்கும். மேடையில் கால் தவறி இந்த நிலைக்குள் போய்விடாமலிருக்கப் பின்பக்கம் ஒரு சிறிய பூட்டுச் சுவிட்சும் வைத்தேன்.

மேல் வரிசையின் மூன்று சுவிட்சும் வழக்கமான நேரத்தில் பேங்க் மேலே, பேங்க் கீழே, டியூனர். பேங்கை மாற்றினால் ஒலி மாறாது. டிஸ்பிளேயில் எண் மட்டும் மினுங்கும். ப்ரீசெட்டை மிதித்தால்தான் மாற்றம். பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போதே அடுத்த பேங்கைத் தயாராக வைத்துக்கொள்ளலாம்.

அந்த 'டப்'

முதல் முறை எல்லாவற்றையும் இணைத்து, ஆம்பைச் சத்தமாக வைத்து, ஸ்டிரிங்குகளைக் கையால் அமுக்கிக்கொண்டு ப்ரீசெட்டுகளை மாற்றிப் பார்த்தேன். தெளிவான ஒலிகளுக்குள் மாறும்போது அமைதி. டிஸ்டார்ஷன் சேரும்போது மட்டும் 'டப்'.

காரணம் இரண்டு. முதலாவது, பெடலின் அவுட்புட் கெப்பாசிட்டரில் கசிந்து தேங்குகிற நேர்திசை (டிசி) மின்னழுத்தம். லூப் விலகியிருக்கும்போது அது வடிய வழியில்லாமல் நின்று, ரிலே தொட்டதும் ஒரே தாவாக வெளியேறும். ஒவ்வொரு ரிட்டர்ன் ஜாக்கிலும் கிரவுண்டுக்கு ஒரு 2.2 மெகா ஓம் ரெசிஸ்டர் போட்டதும் பெரும்பகுதி போய்விட்டது. செண்ட் பக்கம் ஏற்கெனவே ஓய்வில் கிரவுண்டில் இருப்பதால் அங்கே தேவையில்லை. இரண்டாவது காரணம் ரிலே அசைகிற நேரமே. நடுக்கால் ஒரு முனையை விட்டு இன்னொன்றைத் தொடுவதற்குள் சிக்னல் அறுந்து, துள்ளி, பிறகு நிலைக்கிறது. ரெசிஸ்டரால் இதைத் தீர்க்க முடியாது.

அதற்குத்தான் மியூட். கடைசி பஃபருக்குப் பின்னால் 1 கிலோ ஓம் ரெசிஸ்டர், அதன் மறுமுனையிலிருந்து கிரவுண்டுக்கு ஓர் ஒளிவழி ரிலே. இதன் உள்ளே அசைகிற பாகம் கிடையாது. ஓர் எல்இடி எரிந்தால் எதிரில் உள்ள மாஸ்ஃபெட் ஜோடி மூடிக்கொள்ளும். சில ஓம் மின்தடை வழியாகச் சிக்னல் கிரவுண்டுக்கு இறங்கிவிடும். கம்ப்யூட்டர் பக்கமும் ஒலிப் பக்கமும் இங்கேயும் தொட்டுக்கொள்வதில்லை, நடுவில் வெளிச்சம் மட்டும்தான். புரோகிராம் செய்வது இதுதான்: மியூட் போடு, 2 மில்லி விநாடி பொறு, எட்டு ரிலேகளையும் ஒரே தடவையில் மாற்று, 10 மில்லி விநாடி பொறு, மியூட்டை எடு. டிக்யூ2 அசைய எடுத்துக்கொள்வது அதிகபட்சம் 3 மில்லி விநாடி, துள்ளலுக்கும் சேர்த்து 10 போதும்.

மொத்தம் 12 மில்லி விநாடி. ஒலி அந்த நேரத்தில் காற்றில் நான்கு மீட்டர் போகும். அதாவது ஆம்பிலிருந்து நான்கு மீட்டர் தள்ளி நின்று வாசிப்பவர் எப்போதும் அனுபவிக்கிற தாமதம்தான் இது. அதோடு மியூட் டிலேக்கும் ரிவெர்புக்கும் முன்னால் இருக்கிறது. நேரடி ஒலி 12 மில்லி விநாடி நின்றாலும் முந்தைய ஸ்வரத்தின் எதிரொலி நிற்காமல் ஓடிக்கொண்டிருக்கும், அந்த இடைவெளியை அது மூடிவிடுகிறது. இரண்டையும் லூப்புக்கு வெளியே வைத்த முடிவு இங்கே இன்னொரு பலன் தந்தது. இதைக் கேட்டபோது உண்மையிலேயே சந்தோஷமாக இருந்தது.

கோரஸ் மட்டும் மாறுகிற இடங்களில் மியூட் தேவையில்லை. ப்ரீசெட்டில் ஒரு பிட் அதைச் சொல்கிறது. நீண்ட ஸ்வரத்தின் நடுவே ஃபேசர் சேர்கிற பாட்டில் மியூட்டை அணைத்து வைத்திருக்கிறேன்.

மிடி

மிடி 1983இல் வந்தது. விநாடிக்கு 31,250 பிட் என்ற அதன் வேகம் அந்த ஐந்து கால் பிளக்கில் இன்னும் அப்படியே இருக்கிறது. ப்ரீசெட் மாற்றச் சொல்லும் செய்தி இரண்டு பைட், போய்ச் சேர 0.64 மில்லி விநாடி. செய்தி போகும் நேரம் பிரச்சினையே இல்லை. வாங்கிக்கொள்ளும் டிலே அந்த ப்ரீசெட்டைத் திறக்க எடுக்கும் நேரம்தான் நீளம். அதனால் மிதித்ததும் முதலில் மிடி கிளம்பும், ரிலேகளின் வேலை அதற்குப் பிறகு. டிலேயை வெறுமனே ஆன், ஆஃப் செய்தால் போதும் என்ற இடங்களில் ப்ரீசெட்டை மாற்றாமல், மூன்று பைட் கன்ட்ரோல் சேஞ்ச் செய்தியை அனுப்புகிறேன். அது உடனே நடக்கும். டிலேயில் எதிரொலியைத் தொடர விடும் அமைப்பு இருந்தால் அதுவும் காப்பாற்றப்படும்.

எண்களில் ஒரு குழப்பம் உண்டு. மிடி 0 முதல் 127 வரை எண்ணும். சில கருவிகள் அதை அப்படியே காட்டும், சில 1 முதல் 128 என்று காட்டும். நான் ஒவ்வொரு கருவிக்கும் 'ஒன்றைக் கூட்டிக் காட்டு' என்று ஒரு குறி வைத்து, டிஸ்பிளேயில் தெரிகிற எண்ணும் பெடலில் தெரிகிற எண்ணும் ஒன்றாக வரும்படி செய்தேன். இருட்டில் கூட்டல் கழித்தல் வேண்டாம்.

மிடி கேபிளின் கிரவுண்டு, விதிப்படி, அனுப்பும் பக்கத்தில் மட்டுமே இணைக்கப்படும். வாங்கும் பக்கத்தில் ஒளி வழியாகத்தான் செய்தி போகும். இதனால் பிரித்து வைத்த கிரவுண்டுகள் இங்கேயும் பிரிந்தே இருக்கும். ஆனால் 3.5 மில்லிமீட்டர் ஜாக்கில் மிடி வாங்கும் சிறிய பெடல்கள் எல்லாமே இந்த விதியைக் கடைப்பிடிப்பதில்லை. இணைத்தவுடன் விசில் கேட்டால் முதலில் அந்தக் கேபிளைப் பிடுங்கிப் பாருங்கள்.

பலகை

பலகையைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. 12 மில்லிமீட்டர் பிளைவுட், அகலம் 60 செ.மீ., முன்பக்கம் தாழ்ந்து பின்பக்கம் உயர்ந்த சரிவு, அடியில் பவர் சப்ளை. பெடல்களின் அளவில் அட்டை வெட்டித் தரையில் பரப்பி, ஷூ போட்ட காலோடு நின்று பார்த்துத்தான் இடம் முடிவு செய்தேன். ப்ரீசெட் சுவிட்சுகளுக்கு நடுவே 90 மில்லிமீட்டர். மேல் வரிசை கொஞ்சம் உயரத்தில், பின்னால் தள்ளி. பெடல்களை இனி மிதிக்கப் போவதில்லை என்பதால் அவற்றை நெருக்கி வைக்கலாம். வா மட்டும் ஓரத்தில், காலுக்கு எட்டும் இடத்தில். பெட்டியின் பின்பக்கம் பத்தொன்பது ஜாக்குகளும் 25 மில்லிமீட்டர் இடைவெளியில் ஒரே வரிசை, தட்டையான பிளக்குகள் ஒன்றையொன்று இடிக்காது. ஒவ்வொரு பேட்ச் கேபிளின் இரண்டு முனையிலும் லூப் எண்ணை ஒட்டியிருக்கிறேன். செண்டுக்கு ஒரு நிறம், ரிட்டர்னுக்கு வேறு நிறம்.

ப்ரீசெட்டில் காலியாக விட்ட இரண்டு பைட்டுக்கு வேலை வந்துவிட்டது. அடுத்து மிடி கிளாக் (பாட்டின் வேகத்தைச் சொல்லும் துடிப்புச் செய்தி) சேர்க்கப் போகிறேன். டியூனர் சுவிட்சைத் தாளத்துக்குத் தட்டினால் டிலே அந்த வேகத்தைப் பிடித்துக்கொள்ள வேண்டும், பாட்டின் வேகம் ப்ரீசெட்டிலும் சேமிக்கப்பட வேண்டும். ஒரு தாளத்துக்கு 24 துடிப்பு, நிமிடத்துக்கு 120 தாளம் என்றால் 20.8 மில்லி விநாடிக்கு ஒன்று. மியூட்டுக்காகப் புரோகிராம் 12 மில்லி விநாடி சும்மா நின்றால் அந்தத் துடிப்பு தள்ளாடும். ஆகவே அந்தக் காத்திருப்பையெல்லாம் டைமர் இன்டரப்டுக்கு (நேரம் வந்ததும் சிப் தானே குறுக்கிட்டு நினைவூட்டும் வசதி) மாற்றி எழுதிக்கொண்டிருக்கிறேன். தட்டுவதா, டியூனருக்கா என்று ஒரே சுவிட்ச் எப்படிப் பிரித்தறியும் என்பதற்கும் பதில் ஏறக்குறைய கிடைத்துவிட்டது: தட்டுவதெல்லாம் மிதித்த கணத்தில் எண்ணப்படும், அரை விநாடி பிடித்தால்தான் டியூனர். ஒலியை நிறுத்துவதற்கு அரை விநாடி பொறுக்கலாம்.